ஏலகிரியிலிருந்து அம்பத்தூர் வரை

மலைப் பயணம் போகும் நம் குடும்பங்கள் ஏறுவதற்கு நாள் பார்க்கின்றன. இறங்குவதற்கு நாள் ஒதுக்குவதில்லை. ஞாயிறு மாலை உச்சியில் நின்றவர் திங்கள் காலை தொழிற்சாலை வாயிலில் நிற்க வேண்டியிருப்பதால், திரும்பும் வழி முழுவதும் இரவிலும் உறக்கத்திலும் கழிந்துவிடுகிறது. ஏலகிரிக்குச் சென்ற எங்கள் பங்கின் நான்கு குடும்பத்தினர், இம்முறை ஒரு பகல் முழுவதையும் வீடு திரும்புவதற்கென்றே வைத்துக்கொண்டோம். அந்தப் பகலைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

முந்தின நாள் சுவாமிமலை உச்சிக்கு ஏறியிருந்தோம். மலையேறிப் பழகியவர்களுக்கு இது ஒரு பொருட்டன்று. அம்பத்தூரின் சமதரையில் நடந்து பழகிய கால்களுக்கோ போதும் போதும் என்றாகிவிட்டது. மறுநாள் காலைச் செபம் முடித்து எழுந்தபோது, முழங்கால்கள் எங்களோடு வர மறுத்தன. அத்தனாவூரில் பெரிய பலாப்பழம் ஒன்றை வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினோம். மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடமாகாத பெயர்கள் பேருந்துக் குலுக்கலில் நன்றாகவே பதிந்தன.

ஜோலார்பேட்டையில் புகைவண்டி ஏறினோம். (புகை நின்று பல்லாண்டாகியும் அந்தப் பெயர் மட்டும் நம் நாவை விட்டு இறங்க மறுக்கிறது.) சன்னலோரத்து இடங்களுக்குப் பிள்ளைகளிடையே நடந்த போர் வாணியம்பாடிக்குள் ஓய்ந்தது. வாணியம்பாடி, ஆம்பூர் என்று இருப்புப்பாதை பாலாற்றை ஒட்டியே செல்கிறது. கர்நாடகத்து நந்தி மலையில் பிறக்கும் பாலாறு 348 கிலோ மீட்டர் ஓடுகிறது. அதில் 222 கிலோ மீட்டர் நம் தமிழகத்தில். ஏலகிரியின் வடசரிவில் விழும் மழையும் இந்தப் பள்ளத்தாக்கை நோக்கித்தான் வழிகிறது. ஆனால் நாங்கள் கண்டதெல்லாம் மணலும் சீமைக் கருவேலமுமே.

எங்கள் எதிரில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், நாங்கள் ஆற்றைத் தேடுவதைக் கண்டு தாமே பேசத் தொடங்கினார். “நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப கையால மணலைத் தோண்டினாப் போதும், ஊத்துத் தண்ணி வந்துடும். இப்ப எங்க ஊர்க் கெணத்துத் தண்ணிய மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடுது, தம்பி” என்றார். அவருடைய மகன் தோல் பதனிடும் ஆலையில்தான் வேலை செய்கிறாராம். அதையும் அவர் மறைக்கவில்லை.

இதுதான் இப்பள்ளத்தாக்கின் துயரம். சோறு போடும் தொழிலே கிணற்றையும் கெடுத்திருக்கிறது. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே அது ஒரு திருப்புமுனை. எனினும் 2025 சனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மீண்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. இடையே 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆறு தன் வழியை மறக்கவில்லை. அதன் கரையில் உள்ளோர்தாம் மறந்திருந்தனர்.

முதியவர் குடியாத்தத்தில் இறங்கிக்கொண்டார். காட்பாடியைத் தாண்டியதும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. “அந்தத் தண்ணிக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?” என்று ஒரு சிறுவன் தன் தந்தையைக் கேட்டான். சம்பந்தம் இருக்கிறது. வாலாஜாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே 1858-இல் கட்டி முடிக்கப்பட்ட அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்புகிறது. அதன் உபரிநீர் கொசத்தலையாற்றில் சேர்கிறது. அந்த ஆற்றைத் தடுத்துத்தான் 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது. பூண்டியின் நீர் புழலுக்கும், பூந்தமல்லிக்கு அப்பாலுள்ள செம்பரம்பாக்கத்துக்கும் வாய்க்கால் வழியே வருகிறது. 1996 முதல் கிருஷ்ணா நீரும் பூண்டியில் வந்து கலக்கிறது என்பது உண்மையே. ஆனாலும் நல்ல மழையாண்டில் எங்கள் வீட்டுக் குடத்தில் பாலாறு ஒரு கையளவேனும் இருக்கும். பையன் நெடுநேரம் பேசவில்லை.

அரக்கோணத்தில் தேநீர் அருந்திவிட்டு மின்சார ரயிலுக்கு மாறினோம். அவசரம் இல்லாததால் எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியையே விரும்பி ஏறினோம். திருவாலங்காடு, மணவூர், கடம்பத்தூர் என்று அது நின்று நின்று வந்தது. 1856 சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை இதுவே. திருவள்ளூரில் கூட்டம் ஏறியது. கையில் சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இளம்பெண்கள் பலர். மாலை ஷிப்டுக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. எங்களுக்கு ஓய்வுப் பயணமாக இருந்த வழி அவர்களுக்கு அன்றாடப் பாடு. எங்கள் பெண்கள் நெருங்கி அமர்ந்து அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கழிவுநீர் தேங்கிக் கிடந்த அந்த ஏரி சீரமைக்கப்பட்டு, 2019 முதல் பசுமைப் பூங்காவாக விளங்குகிறது. காலையில் முதியோர் அங்கு நடக்கின்றனர், பறவைகளும் வருகின்றன. மனம் வைத்தால் முடியும் என்பதற்குச் சான்று அண்டையிலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரை அடுத்த கொரட்டூர் ஏரியோ, கழிவுநீர் கலப்பதால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கைக் கண்டது. ஆம்பூர்த் தோல் ஆலைகளைக் காலையில் குறைகூறிய எங்கள் குரல் மாலையில் சற்றுத் தாழ்ந்தது. தூய குடிநீர் ஒவ்வொரு மனிதருக்கும் அடிப்படை உரிமை என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் எழுதியதை எங்களுள் ஓர் ஆசிரியை நினைவுபடுத்தினார். அந்த உரிமை குடியாத்தத்து முதியவருக்கும் உண்டு. கொரட்டூர் ஏரிக்கரையில் குடியிருப்போருக்கும் உண்டு.

அம்பத்தூரில் இறங்கியபோது வெயில் தணிந்திருந்தது. எங்கள் தெருக்களின் கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் கேட்பது என்று நடைமேடையிலேயே பேசி முடித்தோம். அதன்பின் பலாப்பழத்தை யார் சுமப்பது என்ற வழக்கு எழுந்தது. அது வீடு சேரும்வரை தீரவில்லை.