கர்னல் பூச்சாண்டி

நமக்குத் தெரிந்த போகி இரண்டு. ஒன்றில் பழைய பாயைக் கொளுத்துவோம். இன்னொன்றில் பெர்த் கேட்டு டி.டி.ஈ. பின்னாலேயே அலைவோம். மூன்றாவது போகி கோல்ஃபில் இருக்கிறது. பந்தைக் குழிக்குள் அனுப்ப நாலு அடி என்பது கணக்கானால், அதற்குப் பெயர் 'பார்'. அஞ்சு அடி ஆகிவிட்டால், 'போகி'!

கோல்ஃப் மட்டையை நான் தொட்டதுகூட இல்லை. ஆனால் இந்த வார்த்தை பிறந்த கதையைப் படித்தபோது, அட, நம்ம ஆபீஸ் சமாசாரமாச்சே என்றிருந்தது.

1890-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஹ்யூ ராதர்ஹாம் என்பவர் ஒரு யோசனை சொன்னார். தப்பில்லாமல் ஆடுகிறவருக்கு ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி ஆகும் என்று எழுதி வைத்துவிடுவோம். எல்லோரும் அந்த எண்ணோடு மோதட்டும்! யோசனை கிரேட் யார்மத் ஊருக்கும் போயிற்று. அங்கே மேஜர் வெல்மன் என்பவர், கண்ணுக்குத் தெரியாத இந்த எதிராளியிடம் தோற்று நொந்துபோய், 'சரியான போகிமேன்' என்றாராம். போகிமேன் என்றால் அந்த ஊர்ப் பூச்சாண்டி. அப்போது அவரைப் பற்றி ஒரு பாட்டு சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது.

1892-ல் பூச்சாண்டி ஒரு ராணுவ கிளப்பில் நுழைந்தார. அங்கே எல்லோருக்கும் பதவி உண்டு. தப்பே செய்யாதவர் கர்னலுக்குக் குறைவாகவா இருப்பார்? 'கர்னல் போகி' ஆனார். ஒரு நாள்கூட டியூட்டிக்கு வராமல் புரமோஷன்! 1914-ல் அவர் பெயரில் ஒரு மார்ச் இசையே வந்தது.

கவனியுங்கள், அன்று போகி என்பது நல்ல ஸ்கோர். பிறகு பந்தும் மட்டையும் தேறின, ஆட்டக்காரர்களும் தேறினார்கள். அமெரிக்காவில் 'பார்' கணக்கைக் கறாராக்கினார்கள். நேற்று சபாஷ் வாங்கிய அதே ஸ்கோர், இன்று ஓர் அடி குறையாகிவிட்டது.

நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் ஒரு வருஷம் டார்கெட் 40 ஆர்டர். 42 பிடித்தேன். மைசூர்பாகு கொடுத்தார்கள். அடுத்த வருஷம் டார்கெட் 50. பிடித்தது 45. 'பிலோ பார்' என்று சொல்லி இன்க்ரிமென்ட்டை நிறுத்திவிட்டார்கள். (கோல்ஃபில் பிலோ பார் என்றால் கை தட்டுவார்கள். குறைந்த அடியில் முடித்தவன்தானே கெட்டிக்காரன்!) அந்த இன்க்ரிமென்ட்டை நம்பித்தான் தங்கை கல்யாணக் கடனுக்குத் தவணை போட்டிருந்தேன். மூன்று ஆர்டர் கூடப் பிடித்தவன், சீட்டை அவசரமாகத் தள்ளி எடுத்துத் தவணை கட்டினேன்.

அன்றிலிருந்து டைரியில் என் கணக்கைத் தனியாக எழுதுகிறேன். போன வருஷ நான், இந்த வருஷ நான். அவ்வளவுதான். ஆபீஸ் டார்கெட்டையும் விடாமல் துரத்துகிறேன், சம்பளம் தருகிறார்களே! ஆனால் அது எட்டாத மாசங்களில் ராத்திரி தூக்கம் கெடுவதில்லை. கர்னல் போகிக்குத் தங்கை இல்லை, தவணை இல்லை, ஜலதோஷம்கூடப் பிடிக்காது. அவரிடம் தோற்பதில் என்ன சார் வெட்கம்?