பன்னிரண்டு தந்திகளும் ஓர் அமானிதமும்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது, என் கல்லூரித் தோழனின் மகள் வாசலில் காத்திருந்தாள். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் பயின்ற நாளில், விடுதியில் மூன்றாண்டுகள் என்னோடு ஒரே அறையில் வாழ்ந்த கிறிஸ்தவ நண்பன் அவன். 2021ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் மறைந்துவிட்டான். அந்தப் பெண்ணின் தோளில் அவனுடைய பன்னிரண்டு தந்திக் கிதார்.

"மாமா, அப்பா இதில் என்னென்ன பாட்டு வாசிப்பார்? அம்மாவுக்குத் தெரியவில்லை. உங்களுக்குத்தான் தெரியும் என்றார்கள்" என்றாள்.

மதரஸாவில் பாடம் சொல்பவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று வாசகர்கள் எண்ணலாம். எனக்கும் தயக்கம் இருந்தது. இசைக் கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் எந்தக் கருவியையும் வாசித்தவனல்லன். ஆனால் அவள் என்னிடம் கேட்டது ஃபத்வா அன்று. தன் தந்தையைக் கேட்டாள். அவனைப் பற்றிய அந்த நினைவு என்னிடம் மட்டுமே இருந்தது. அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டுமல்லவா? அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினேன்.

முதலில் கருவியைப் பற்றி எழுதினேன். சாதாரணக் கிதாரில் தந்திகள் ஆறு. இதில் ஆறு இணைகள். கீழ்ச்சுரத் தந்திகள் நான்குக்கும் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய துணைத் தந்தி உண்டு. மற்ற இரண்டு இணைகளும் ஒரே சுரத்தில் ஒலிப்பவை. இணைகள் இம்மியும் பிசகாமல் ஒன்றுவதில்லை. அந்த நுண்ணிய வேறுபாடுதான் பலர் கூடி வாசிப்பது போன்ற மினுமினுப்பைத் தருகிறது. "நீயும் நானும் மாதிரி" என்பான் நண்பன்.

அவன் மிகவும் விரும்பிய பாடல் 'குட்நைட் ஐரீன்'. அதைப் பாடிய லெட்பெல்லி, லூசியானா மாநிலத்துக் கறுப்பினக் கலைஞர். 1933இல் அங்கோலா சிறைச்சாலையில் அவர் கைதியாக இருந்தபோது, நாட்டுப்பாடல் தேடிச் சென்ற ஜான் லோமாக்ஸ் அவர் குரலைப் பதிவு செய்தார். 1949 டிசம்பரில் அவர் இறந்தார். மறு ஆண்டே 'தி வீவர்ஸ்' குழுவினர் பாடிய அதே பாடல் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. புகழின் கனி அவர் வாய்க்கு எட்டவில்லை. அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கருள் முஸ்லிம்களும் இருந்தனர். அவர்களுடைய ஓதலின் நெளிவுகள் கறுப்பின மக்களின் பாடல்களில் தங்கியிருக்கக்கூடும் என்று வரலாற்றாசிரியர் சில்வியான் டியூஃப் கருதுகிறார். பின்னாளில் அதைப் படித்தபோது, நண்பனிடம் சொல்ல வேண்டுமென்று நினைத்தேன். சொல்லவில்லை.

அடுத்தது 'டர்ன் டர்ன் டர்ன்'. பீட் சீகர் இசையமைத்தது; 1965இல் 'தி பேர்ட்ஸ்' குழுவின் ரோஜர் மெக்கின் மின் கிதாரில் வாசித்துப் புகழ்பெற்றது. பீட்டில்ஸ் குழுவின் 1964ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் கையில் பன்னிரண்டு தந்தியைக் கண்ட பிறகே மெக்கின் தமக்கும் ஒன்று வாங்கினார். அப்பாடலின் சொற்களோ மிகப் பழையவை. யூத, கிறிஸ்தவ மரபினர் சுலைமான் நபி (அலை) அவர்களுடையது என்று கூறும் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. எல்லாவற்றுக்கும் உரிய காலம் ஒன்று உண்டென்பது அதன் கருத்து. சொற்களின் பொருளை நான் அவனுக்கு விளக்கினேன். தந்திகளின் நுட்பத்தை அவன் எனக்கு விளக்கினான். அவ்வாறு நடந்தது எங்கள் பாடம்.

'ஹோட்டல் கலிஃபோர்னியா'வை விடுதியே விரும்பிக் கேட்கும். கழுத்தின் ஏழாவது கட்டில் கவ்வியைப் பொருத்தி அதன் தொடக்கத்தை வாசிப்பான்.

கடைசிப் பாடலை எழுதும்போது பேனா நின்றது. 'விஷ் யூ வேர் ஹியர்'. பிங்க் ஃபிளாய்ட் குழுவினர், தங்களை விட்டு விலகிப்போன தோழர் சிட் பாரெட்டை எண்ணி 1975இல் படைத்தது. விடுதியைக் காலி செய்த இரவில் நண்பன் அதைத்தான் வாசித்தான்.

ஓர் உண்மையையும் எழுத வேண்டும். மதரஸாவில் நான் சேர்ந்த புதிதில், "வீட்டுக்கு வா, பழைய பாட்டெல்லாம் வாசிக்கிறேன்" என்று இரண்டு முறை அழைத்தான். ஊரார் பேச்சுக்கு அஞ்சி நான் போகவில்லை. பாட்டைக் கேட்காமலே நண்பனைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. அப்படியும் அவன் ஒவ்வொரு பெருநாளுக்கும் வாழ்த்துச் சொல்லத் தவறியதில்லை. 2021க்குப் பின் அந்த வாழ்த்தும் இல்லை.

நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினாள். "மாமா, மூன்றாவது இணையில் மெல்லிய தந்தி அறுந்துவிட்டது. நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா?"

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. "இல்லையம்மா. எல்லாவற்றிலும் மெல்லிய தந்தி அதுதான். அடிக்கடி அறுவதும் அதுதான். உன் அப்பா எப்போதும் ஒன்றைக் கூடுதலாக வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பான். பார்" என்றேன்.

பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இருக்கிறது, மாமா."

அன்பு வாசகர்களே, நம்மைத் தேடும் நண்பர் உயிரோடிருக்கும்போதே அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர்களுக்குரிய அமானிதங்கள் இன்னும் எத்தனை நம்மிடம் உள்ளனவோ!