ஆணி அடிக்காத பாறை

ஷெஃபீல்டு, ஜூலை

கோடை பிறந்துவிட்டால், ஷெஃபீல்டிலிருந்து மான்செஸ்டர் பக்கம் போகும் சனிக்கிழமை காலை ரயிலில் உட்கார இடம் கிடைப்பது சிரமம். பலருடைய முதுகுப் பைகளில் சுருட்டிய கயிறு கட்டியிருக்கும். பக்கத்தில் ஹெல்மெட் தொங்கும். ஐந்தரை கிலோமீட்டருக்கும் நீளமான டாட்லி சுரங்கத்தைக் கடந்து ரயில் வெளிச்சத்துக்கு வந்ததும் கிரிண்டில்ஃபோர்டு, அதை விட்டால் ஹாதர்சேஜ். கயிற்றுக்காரர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு நிலையங்களில் இறங்கிவிடுவார்கள். டார்பிஷயர் மாவட்டத்தின் பாறை வரிசைகளுக்கு இவைதான் வாசல்.

ஹாதர்சேஜிலிருந்து ஸ்டேனேஜ் எட்ஜ் வரை ஒரு மணி நேர நடை. வழியில் நார்த் லீஸ் ஹால் என்ற பழைய கல்மாளிகை வரும். எழுத்தாளர் ஷார்லட் பிராண்டி 1845ல் இந்த ஊருக்கு வந்து தங்கியிருந்தார். அவருடைய ‘ஜேன் அயர்’ நாவலில் வரும் தார்ன்ஃபீல்டு மாளிகைக்கு இந்த வீடுதான் முன்மாதிரி என்று ஊரார் சொல்கிறார்கள். மாளிகையைத் தாண்டி மரங்களுக்குள் ஏறி வெளியே வந்தால், அடிவானத்தின் குறுக்கே கறுத்த சுவராகப் பாறை நிற்கும். நீளம் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். உயரம் அதிகம் போனால் 25 மீட்டர். இந்தச் சுவரில் பெயரிட்டு வைத்திருக்கும் ஏறுவழிகள் ஆயிரத்துக்கும் மேல்.

இது கிரிட்ஸ்டோன் என்னும் கரடுமுரடான மணற்கல். சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் வடக்கேயிருந்து வந்த பெரும் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய பருமணல் இறுகி உண்டானது. புதிதாகக் கொத்திய அம்மியில் கை வைத்தால் எப்படியோ, அப்படித்தான் இந்தப் பாறையும் தோலைப் பிடிக்கும். அந்தச் சொரசொரப்பால்தான் பிடிமானமே இல்லாத சரிவிலும் ரப்பர் காலணி வழுக்காமல் நிற்கிறது. மாவரைக்கும் எந்திரக்கல் வெட்டுவதற்கும் அதே குணம்தான் உதவியது. அந்தத் தொழில் நின்றுபோய் நெடுங்காலமாகிவிட்டது. செதுக்கி முடித்து விற்காமல் போன வட்டக் கற்கள் இன்றும் பாறை அடிவாரத்தில் புல்லுக்குள் கிடக்கின்றன. பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் சின்னமே அந்த எந்திரக்கல்தான்.

இங்கே வரும் நண்பர் குழுக்களில் ஒன்றைப் பார்ப்போம். நாகர்கோவிலில் பிறந்து ஷெஃபீல்டில் செவிலியராக இருக்கும் ஒரு பெண், அவரோடு வேலை பார்க்கும் இருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அந்தப் பெண்ணின் தம்பி. தேர்ந்தெடுத்த வழி, ஃப்ளையிங் பட்ரஸ். சரிந்த பலகைப் பாறையில் தொடங்கி, தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கூரையை ஒட்டி ஒதுங்கி மேலே போகும். கயிற்றில் பழகிய ஒருவர் முன்னால் போனால் புதியவர்களும் பின்தொடரலாம்.

முன்னால் போவது அக்கா. இடுப்புப் பட்டையில் கம்பியில் கோத்த உலோகக் கட்டைகள் அளவு வாரியாகத் தொங்குகின்றன. அவற்றுக்கு நட் என்று பெயர். விரிசல் வந்ததும் நின்று, அதன் அகலத்தைக் கண்ணால் அளந்து, ஒரு நட்டை எடுத்து மேலே அகன்று கீழே குறுகும் இடமாகப் பார்த்துச் செருகுகிறார். கம்பியைக் கீழ்நோக்கி வெடுக்கென்று இழுத்து, கட்டை நன்றாக இறுகிவிட்டதா என்று பார்க்கிறார். பிறகுதான் காரபினர் என்னும் கொக்கி வளையத்தை மாட்டிக் கயிற்றை அதனுள் விடுகிறார். கீழே நிற்கும் நண்பர் பிலே கருவி வழியாகக் கயிற்றைத் தேவைக்கேற்ப விட்டுக்கொடுக்கிறார். மேலே போனவர் தவறினால் அவரைத் தாங்குவது அந்தக் கட்டையும் கீழே இருப்பவரின் கையும்தான்.

முகட்டுக்குப் போனதும் பெரிய கற்களில் நங்கூரம் கட்டி, தன்னையும் அதில் பிணைத்துக்கொண்டு, “சேஃப்!” என்று குரல் கொடுக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் கீழே இருப்பவர் தன் கருவியிலிருந்து கயிற்றைக் கழற்றுகிறார். மேலே இருப்பவர் மிச்சக் கயிற்றை இழுத்துக்கொள்கிறார். கயிறு தம்பியின் இடுப்பில் வந்து இறுகியதும் அவர் “தட்ஸ் மீ!” என்கிறார். சற்று நேரம் கழித்து மேலிருந்து “க்ளைம்ப் வென் ரெடி!” என்று அழைப்பு. “க்ளைம்பிங்!” என்று பதில். “ஓகே!” என்று மறுகுரல் வந்தால்தான் கால் தரையை விட்டு எழும்பலாம். காற்று பலமாக வீசினாலும், பக்கத்து வழியில் வேறு குழு கத்திக்கொண்டிருந்தாலும், இந்த வரிசை மாறாது. முன்பின் தெரியாத இருவர் சேர்ந்து ஏறினாலும் இதே வார்த்தைகள்தான்.

பாதி வழியில் தம்பி நின்றுவிடுகிறார். “அக்கா, பிடிக்க ஒண்ணும் கிடைக்கலியே!”

“கைக்குத் தேடாத மக்கா. காலைப் பாரு. வலது முட்டிக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வரப்பு தெரியுதா? அதுல காலை வச்சு எந்திரி. கயிறு என் கையில இருக்கு.”

காலை வைக்கிறார், கால் நிற்கிறது. ஏறிப் போகும் வழியில் அக்கா செருகிய கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் இடுப்பில் மாட்டிக்கொள்கிறார். குழு ஏறி முடித்த பின் பாறையில் அவர்கள் வைத்த பொருள் எதுவும் மிஞ்சாது.

ஸ்டேனேஜின் உயிர்நாடி இதுதான். சில மைல் தள்ளியிருக்கும் சுண்ணாம்புப் பாறைகளில் துளையிட்டு போல்ட் இறக்கியிருக்கிறார்கள். கிரிட்ஸ்டோனில் அந்த வழக்கம் கிடையாது. ஏறுகிறவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கட்டுப்பாடு அது. தொடக்ககாலத்தில் விரிசலில் கூழாங்கல்லைச் செருகிக் கயிற்று வளையம் மாட்டினார்கள். வேல்ஸில் ரயில் பாதையோரம் பொறுக்கிய திருகு நட்டுகளில் கயிறு கோத்துப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ரே ஜார்டின் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த, விரிசலுக்குள் விரிந்து பிடிக்கும் கேம் கருவியை, மார்க் வாலன்ஸ் தொடங்கிய ‘வைல்ட் கன்ட்ரி’ நிறுவனம் டார்பிஷயரில் செய்து 1978ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாறையைக் காயப்படுத்தாமல் ஏற வேண்டும் என்ற பிடிவாதம்தான் இத்தனை கருவிகளுக்கும் தேவையை உண்டாக்கியது.

இந்தப் பாறை எப்போதும் எல்லாருக்கும் திறந்திருந்ததில்லை. ஷெஃபீல்டுக்காரர் ஜே. டபிள்யூ. புட்ரெல் 1890 வாக்கில் இங்கே ஏறத் தொடங்கியபோது, மேலே விரிந்துகிடந்த புதர்வெளி முழுவதும் தனியார் வேட்டைக்காடு. க்ரௌஸ் என்னும் காட்டுக்கோழிக்காகக் காவலர்கள் பாறை முகட்டில் சிறு தொட்டிகளைக் குடைந்து, மழைநீர் வந்து சேர வாய்க்காலும் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்து வைத்தார்கள். அந்த எண்களை இன்றும் படிக்கலாம். பறவைக்குத் தண்ணீர் வைத்த அதே இடத்தில் மனிதர்கள் விரட்டப்பட்டார்கள். ஆறு நாள் ஆலையில் வெந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க வந்த தொழிலாளிகள் அவர்கள்.

மேற்கே தெரியும் கின்டர் ஸ்கவுட் மேட்டில் 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கானோர் திரண்டு, தடையை மீறி நடந்தார்கள். முன்னின்றவர் பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞர். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951ல் பீக் டிஸ்ட்ரிக்ட், பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. ஸ்டேனேஜ் அடங்கிய நார்த் லீஸ் நிலத்தைப் பூங்கா ஆணையம் 1971ல் வாங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய திறந்த நிலங்களில் கால்நடையாகத் திரியும் உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. கின்டர் நடைப் போராட்டத்தின் எழுபதாம் ஆண்டு விழாவில், அந்த நிலத்தை அன்று வைத்திருந்த டெவன்ஷயர் பிரபு குடும்பத்தின் வாரிசு மேடையேறி மன்னிப்புக் கேட்டார்.

நிலம் திறக்கத் திறக்க, ஏறுகிறவர்களின் முகமும் மாறியது. மான்செஸ்டரின் ஆர்ட்விக் பகுதியில் ஏழை வீட்டில் பிறந்த ஜோ பிரவுன், அம்மா தூக்கிப் போட்ட துணி உலர்த்தும் கொடிக்கயிற்றைக் கொண்டு ஏறப் பழகினார். இருபது வயது நிரம்புமுன், 1949ல், ஸ்டேனேஜில் ‘ரைட் அன்கான்கரபிள்’ என்ற வழியை ஏறிக் காட்டினார். விரிசலுக்குள் கையை நுழைத்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் கையைப் புடைக்கச் செய்து, அந்த இறுக்கத்திலேயே உடலைத் தூக்கும் வித்தையில் அவருக்கு நிகர் இல்லை. 1955 மே 25 அன்று ஜார்ஜ் பேண்டுடன் உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமான கஞ்சன்ஜங்காவை முதன்முதலில் எட்டியவரும் அவரே. உச்சிக்குச் சற்றுக் கீழே வழிமறித்த கடைசி விரிசலை, கிரிட்ஸ்டோனில் கற்ற கைவித்தையைக் கொண்டு கடந்தார். சிக்கிம் மன்னருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, இருவரும் உச்சிப் புள்ளியை மிதிக்காமல் சில அடிகள் கீழேயே நின்று திரும்பினார்கள். பிரவுனின் கூட்டாளி டான் வில்லன்ஸ் ஒரு பிளம்பர். 1970ல் அன்னபூர்ணாவின் தெற்கு முகத்தில் ஏறி உச்சியைத் தொட்டார். பெண்கள் தங்களுக்கென்று பின்னக்கிள் கிளப்பை 1921லேயே தொடங்கிவிட்டார்கள்.

கொடுத்த வாக்கைக் காக்கும் பழக்கம் இங்கே பறவை விஷயத்திலும் தொடர்கிறது. ரிங் ஊஸல் என்பது கரிய உடலும் மார்பில் வெள்ளைப் பிறையும் கொண்ட பறவை. குளிர்காலத்தை மொராக்கோவின் அட்லஸ் மலைப் பக்கம் கழித்துவிட்டு, வசந்தத்தில் வந்து ஸ்டேனேஜின் பாறை இடுக்குகளில் கூடு கட்டுகிறது. பிரிட்டனில் அருகிவரும் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இதுவும் இருக்கிறது. தன்னார்வலர்கள் கூடுகளைக் கண்டுபிடித்து, அந்தப் பகுதியில் ஏற வேண்டாம் என்று அறிவிப்பு வைக்கிறார்கள். காவலுக்கு ஆள் கிடையாது. நல்ல வெயில் நாளில் நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவர்கள்கூட அந்த அட்டையைப் படித்துவிட்டு, ஆசைப்பட்ட வழியை விட்டு வேறு பக்கம் போகிறார்கள். குஞ்சுகள் பறந்ததும் அட்டை எடுக்கப்படும்.

கோடையில் இந்தப் பாறைக்குச் சில தொல்லைகளும் உண்டு. பாறை தென்மேற்கைப் பார்த்து நிற்பதால் பிற்பகலில் சூடேறும்; விரல் வியர்த்து, சுண்ணப்பொடி பூசினாலும் பிடி நழுவும். தேர்ந்தவர்கள் கடினமான வழிகளைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கி வைப்பது இதனால்தான். காற்று ஓய்ந்த மாலையில் மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சிகள் மொய்த்துவிடும். இவற்றைவிடப் பெரிய பயம் தீ. 2018 ஜூனில் சாடில்வொர்த் மேட்டில் பிடித்த தீயை அணைக்க ராணுவம் வரவேண்டியிருந்தது. அங்கே மண்ணே எரியக்கூடிய கரி மண். எனவே கோடையில் இந்த மேடுகளில் அடுப்பு மூட்டக் கூடாது, சிகரெட் துண்டை எறியக் கூடாது. அடிபட்டால் ஓடி வருவது மலைமீட்புக் குழு. அவர்கள் அனைவரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். மீட்கப்பட்டவரிடம் கட்டணமும் வாங்குவதில்லை. குழு நடப்பது நன்கொடையில்.

இங்கே படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகளும் வேலைக்கு வரும் குடும்பங்களும் கோடை வார இறுதிகளைக் கடைவீதியோடு முடித்துக்கொள்ள வேண்டியதில்லை. மவுண்டன் ட்ரெய்னிங் அமைப்பின் சான்று பெற்ற பயிற்சியாளர் ஒருவரோடு முதல் முறை போகலாம். அடிப்படைக் கருவிகளை அவரே கொண்டுவருவார். 1944ல் தொடங்கிய பிரிட்டிஷ் மவுண்டனீரிங் கவுன்சிலில் சேர்ந்துள்ள கழகங்கள் பல ஊர்களில் உள்ளன. புதியவர்களைக் கூட்டிப்போகும் கழகங்களும் அவற்றில் உண்டு. ஏற விருப்பமில்லாத அப்பா அம்மாக்கள் முகட்டுப் பாதையில் நடக்கலாம், எண் பொறித்த தொட்டிகளைத் தேடலாம். ஜூன், ஜூலையில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். இறங்கி வருகையில் ஹாதர்சேஜில் 1936ல் தொடங்கிய திறந்தவெளி நீச்சல் குளம் இருக்கிறது. வெந்நீர்க் குளம் என்பதால் குழந்தைகளும் தயங்காமல் இறங்குவார்கள். மாலை ரயில்கள் அடிக்கடி வராது என்பதால், காலையில் இறங்கும்போதே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு மலையேறுவது நல்லது.