அந்தக் கை தேறாது என்றேன்

இண்டியானாபொலிஸ் நகரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் பிசியோதெரபிஸ்ட். கழுத்திலும் முதுகிலும் அறுவை செய்துகொண்டு வருகிறவர்களின் கைகால்களுக்கு மறுபடி பலம் வரவைப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான் 2012 மார்ச்சில் ஒரு விளையாட்டுப் பேச்சில் ஜெயிப்பதற்காக என் தொழிலைச் சாட்சிக்கு வைத்துப் பொய் சொன்னேன். அதை ஒருவர் நம்பினார். அவரிடம் நேரில் சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன்.

இந்த ஊரில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் ஆட்டம் அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்தும் சுமந்து ஓடியும் ஆடுவது. பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்தால் அது டச்டவுன். அதில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் ஆட்டத்தை நடத்துபவர், பந்தை எறிபவர். எங்கள் கோல்ட்ஸ் அணிக்கு 1998 முதல் அந்த இடத்தில் நின்றவர் பெய்ட்டன் மேனிங். தொடர்ந்து 208 ஆட்டங்களை அவர்தான் தொடங்கினார், ஒன்றுகூடத் தவறவில்லை. கழுத்து அறுவைக்குப் பிறகு 2011 சீசன் முழுவதும் அவரால் ஆட முடியாமல் போனபோது, அதே அணி 16 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்றது.

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் யாரையும் தெரியாது. ஆட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் குடியிருப்பில் இருந்த விருதுநகர்க்காரர் ஒருவர். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே சொல்கிறேன். 2007 ஜனவரியில் நியூ இங்கிலாந்து அணிக்கு எதிராக 21-3 என்று பின்தங்கி, கடைசியில் 38-34 என்று மேனிங் ஜெயித்துக் காட்டிய இரவில் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணி சுட்டு வைத்திருந்த பணியாரத்தை யாரும் தொடவில்லை. இரண்டு வாரம் கழித்து மயாமி மழையில், சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலையும் ஜெயித்தார்கள். எனக்கு இது சொந்த ஊர் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

2012 மார்ச் 7 அன்று அணி மேனிங்கை விடுவித்தது. வைத்துக்கொண்டால் 2.8 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. கையின் நிலை உறுதியில்லை. அடுத்த வீரர்த் தேர்வில் முதல் இடமும் கையில் இருந்தது. மேனிங் கண்கலங்கி விடைபெற்றதைப் பார்த்து நானும் அழுதேன். இரண்டு வாரத்துக்குள் அவர் டென்வர் அணியோடு ஐந்து வருடத்துக்கு 9.6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அழுத அதே மனசில் அன்றைக்கு ஒரு கசப்பு வந்து உட்கார்ந்தது.

அந்தச் சனிக்கிழமை நாலைந்து குடும்பங்கள் கூடியிருந்தோம். பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். டென்வர் ஏமாந்தது என்றார் ஒருவர். ஜனவரியில் கூடுதல் நேரத்தின் முதல் வீச்சிலேயே 80 கஜம் டச்டவுன் எறிந்து பிட்ஸ்பர்க்கை வீழ்த்திய டென்வர் இளைஞன் டிம் டீபோவை, நோயாளி ஒருவருக்காக யாராவது அனுப்புவார்களா என்றார் இன்னொருவர். அண்ணன் மட்டும் மேனிங் பக்கம். "ஜோ மொன்டானா கேன்சஸ் சிட்டிக்குப் போன முதல் வருசமே, 1993ல, சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழ வரைக்கும் கொண்டுபோகலையா? பிரெட் ஃபார்வ் நாப்பது வயசுல மினசோட்டாவுக்கு ஆடுனது மறந்துபோச்சா?" என்றார். நான் ஜானி யூனைட்டஸை இழுத்தேன். கோல்ட்ஸ் பால்டிமோரில் இருந்த காலத்து மகாவீரர், 1973இல் சான் டியேகோவுக்குப் போய் ஒன்றும் செய்ய முடியாமல் ஓய்ந்தவர்.

அப்போது ஒருவர் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுப்பா, உன் தொழிலாச்சே" என்றார்.

எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் என் வலக்கையை நீட்டி, மேற்கையின் பின்பக்கத் தசையைத் தொட்டுக் காட்டினேன். "பந்தை எறிய இதுதான் வேணும். இதுக்குக் கழுத்துலேர்ந்து வர்ற நரம்பு செத்துட்டா செத்ததுதான். முப்பத்தாறு வயசுல அந்தக் கை தேறாது. நான் தினமும் பார்க்கிறேன்."

நான் தினமும் பார்த்தது அது அல்ல. நசுங்கிய நரம்பு பல பேருக்கு மீள்வதைத்தான் பார்த்திருந்தேன். அறுந்த இழைகூட ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். கழுத்திலிருந்து மேற்கைத் தசைக்கு வந்து சேர ஒரு வருடமாகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், திரும்பி வருகிற கொஞ்ச உணர்வையும் வேலை வாங்க வேண்டும். இதைத்தான் என்னிடம் வருகிறவர்களுக்குக் காலையிலிருந்து மாலை வரை சொல்வேன். மேனிங்கின் கையை நான் தொட்டுப் பார்த்ததில்லை, அவருடைய பரிசோதனை அறிக்கை ஒன்றையும் கண்டதில்லை. தொடாத கையைப் பற்றித் தெரியாது என்று சொல்வதுதான் என் தொழிலின் முதல் பாடம்.

ஏன் சொன்னேன்? அவர் முடிந்துபோனவர் என்றால் எங்கள் அணி செய்தது சரி. எங்களை விட்டு யாரும் போகவில்லை, உதிர வேண்டியது உதிர்ந்தது என்று ஆகிவிடும். மேனிங் இன்னோர் ஊரில் ஜெயிப்பதை என்னால் தாங்க முடியாது. அதனால் அந்தக் கை தேறக்கூடாது என்று விரும்பினேன். விரும்பியதை மருத்துவம் போலச் சொன்னேன்.

அண்ணன் அதற்குப் பிறகு பேசவில்லை. இடக்கையால் வலக்கையை நீவிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன் அவருக்கும் கழுத்தில் அறுவை நடந்திருந்தது. வேறொரு இடத்தில் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். கதவைத் தள்ளக் கையில் பலமில்லை, மேல் அலமாரிச் சம்படத்தை எடுக்க முடியாது. எல்லாம் எனக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்திருந்த அவரை அந்த நிமிடத்தில் நான் நினைக்கவே இல்லை.

மே மாதம் அண்ணி போன் செய்தார். "தம்பி, ஒரு வார்த்தை. உங்க அண்ணன் அந்த ரப்பர் பட்டையை எடுத்து ஏழு வாரமாச்சு. கேட்டா, 'தம்பியே சொல்லிடுச்சு, செத்த நரம்புக்கு எதுக்குத் தைலம்'கிறார்."

அன்றிரவே போனேன். "அண்ணே, நான் சொன்னது ஆட்டக்காரனைப் பத்தி. உங்க கேஸ் வேற" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் மஞ்சள் பட்டையை எடுத்து வந்தார். என் பேச்சை இரண்டாவது முறையும் நம்பினார்.

செப்டம்பரில் அட்லாண்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் முதல் கால்பகுதியிலேயே மேனிங்கின் மூன்று வீச்சுகளை எதிரணி பிடித்தது. வீட்டில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். மறுநாள் காலை என்னிடம் வந்த முதல் ஆள், கழுத்து அறுவை முடிந்து பேனா பிடிக்க முடியாத ஒரு பெண். அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் கொஞ்சமா வரும்" என்று சொன்னபோது எனக்குக் குரல் வரவில்லை. முந்தின இரவு நான் எதற்குக் கைதட்டினேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்டோபர் 15 அன்று சான் டியேகோவில் இடைவேளையில் டென்வர் 24-0 என்று பின்தங்கியிருந்தது. முடியும்போது 35-24 என்று ஜெயித்தது. நள்ளிரவில் போன் அடித்தது. "தம்பி, அந்தக் கை எறியுதுப்பா!" அண்ணனின் குரல் உடைந்திருந்தது. நல்லது அண்ணே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த சீசனில் மேனிங் 37 டச்டவுன் எறிந்தார். அடுத்ததில் 55, அது சாதனை. பிற்பாடு ஒரு செய்தி படித்தேன். 2011இல், அறுவைக்குப் பிறகு டென்வரில் தன் நண்பரான பேஸ்பால் வீரர் டாட் ஹெல்ட்டனிடம் அவர் எறிந்த முதல் பந்து பாதி தூரம்கூடப் போகாமல் தரையில் விழுந்ததாம். விளையாடுகிறார் என்று நண்பர் நினைத்தாராம். நான் தேறாது என்று தீர்ப்புச் சொன்னது அங்கிருந்து எழுந்து வந்த மனிதனுக்கு.

அந்தக் கை பழையபடி ஆனதா என்றால் இல்லை. விரல்நுனி உணர்வு திரும்பவில்லை என்று மேனிங்கே சொல்லியிருக்கிறார். எறியும் கைக்கு உறை போட்டுக்கொண்டார். பலத்தில் குறைந்ததை வேகமான முடிவால் ஈடுகட்டினார். 2015 சீசனில் 9 டச்டவுன்களுக்கு 17 வீச்சுகளை எதிரணிக்குக் கொடுத்தார், நடுவில் உட்காரவும் வைக்கப்பட்டார். 2016 பிப்ரவரியில் 39 வயதில் இரண்டாவது சூப்பர் பவுலை ஜெயித்தபோது அணியைச் சுமந்தது தடுப்பாட்டக்காரர்கள். தேறும், தேறாது என்ற இரண்டுக்கும் நடுவே பெரிய நிலம் இருக்கிறது. அவர் நாலு சீசன் அங்கேதான் ஆடினார். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் வாழ்கிறார்கள். அந்த நிலமே இல்லை என்று நான் அன்றைக்குச் சொன்னேன்.

2013 அக்டோபர் 20இல் மேனிங் டென்வர் சட்டையோடு எங்கள் மைதானத்துக்கு வந்தார். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. அவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையசைத்தார். பக்கத்தில் அண்ணன் கைதட்டிக்கொண்டிருந்தார். இடக்கை வேகமாக வந்தது, வலக்கை கொஞ்சம் பிந்தி வந்தது.

இன்றைக்கு அவர் வலக்கையால் கதவைத் தள்ளுகிறார். மேல் அலமாரிக்கு இன்னமும் இடக்கைதான். அந்த ஏழு வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் வலக்கை அங்கே எட்டியிருக்குமா? எந்தப் பரிசோதனையும் எனக்கு அதைச் சொல்லாது. "இந்த அளவுக்காவது வந்துச்சே, உன்னாலதான் தம்பி" என்று அவர் சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருக்கிறேன்.

இந்த இதழ் அவர் வீட்டுக்கும் வரும். அண்ணே, உங்கள் நரம்பும் மேனிங்கின் நரம்பும் ஒன்றுதான். உங்கள் கேஸ் வேறு என்று நான் சொன்னது என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள. அந்தச் சனிக்கிழமை நீங்கள் சொன்னதுதான் சரி.