காக்கும் சொல்

பண்டைக் கிரேக்க மொழியில் 'புலஸ்ஸோ' என்றொரு வினைச்சொல் உண்டு. ஆதென்ஸ் நகரத்தார் அதனைப் 'புலத்தோ' என ஒலித்தனர். விழித்திருந்து காக்கிறேன் என்பது பொருள். 'புலக்ஸோ' என்றால் காப்பேன். 'எபுலக்ஸ' என்றால் காத்தேன். காவலனுக்குப் பெயர் 'புலக்ஸ்'.

இம்மட்டில் வியப்பில்லை. ஈற்றை மாற்றிப் 'புலஸ்ஸொமை' என்றதும் காவல் தன் பக்கம் திரும்பிவிடுகிறது. நாம் 'காத்துக்கொள்ளுதல்' என்கிறோமே, அதனை ஒப்பது இது. ஆயினும் ஒரு விந்தை. முன்னதனோடு 'நாயை' என்று கூட்டினால் நாயைக் காக்கிறேன் என்று பொருள். பின்னதனோடு கூட்டினால் நாயிடம் எச்சரிக்கையாயிருக்கிறேன் என்று பொருள். நாயும் அதுவே, வேற்றுமை உருபும் அதுவே. காக்கப்படுவதை அஞ்சப்படுவதாக்க ஓர் ஈறு போதுமாயிருக்கிறது!

இதனோடு பிறந்த 'புலக்கே' என்னும் பெயர் காவலையும், இராக்காவலின் ஒரு சாமத்தையும், சிறைச்சாலையையும் குறிக்கும். 'காவலில் வைத்தார்கள்' என்று நாமும் சொல்லுகிறோம். காப்பதற்கும் அடைப்பதற்கும் இரு மொழியாரும் ஒரே சொல்லை ஆண்டது தற்செயலென்று நமக்குத் தோன்றவில்லை.

கி.மு. 458இல் அரங்கேறிய எஸ்கிலஸின் 'அகமெம்னோன்' நாடகம் ஒரு காவலாளின் பேச்சோடு தொடங்குகிறது. ஓராண்டாக அரண்மனைக் கூரைமேல் நாய்போற் படுத்து, துரோய் நகரம் வீழ்ந்ததென்னும் தீக்குறியை அவன் எதிர்நோக்கியிருக்கிறான். கண் தொலைவில், கேடோ அக்கூரையின் கீழே. அவன் அறிவான், வாய் திறவான். வென்று மீண்ட அரசன் தன் மனைவியின் கையாலேயே மாள்கிறான்.

பிளேட்டோ தமது 'குடியரசு' நூலில் நாட்டைக் காத்து ஆள்வோரைக் 'காவலர்' என்றே அழைத்தார். காவலனுக்கே ஒரு காவலன் வேண்டுமென்பது நகைப்புக்குரியதென்று அந்நூலில் ஒரு பேச்சு வருகிறது. குடிவெறியைப் பற்றிய இடம் அது. நகைப்போடு அவர் விட்டாரல்லர். மந்தையைக் காக்க வளர்த்த நாய் பசியாலோ தீய பழக்கத்தாலோ ஆட்டையே கடிக்குமாயின் மேய்ப்பனுக்கு அதனினும் இழிவு யாது? ஆதலின் காவலருக்குப் பொன்னும் வெள்ளியும் சொந்த நிலமும் ஆகாவென விதித்தார். அது நடைபெறக்கூடியதா என்பது வேறு கேள்வி. பூட்டு எக்கதவுக்கு வேண்டுமென்பதை அவர் சரியாகவே கண்டார்.

இச்சொல் மருத்துவத்திலும் புகுந்தது. பிரெஞ்சு அறிஞர்களான ஷார்ல் ரிஷே, பால் போர்த்தியே இருவரும் கடற்சாமந்தியின் நஞ்சைச் சிறிதளவு நாய்களுக்கு ஏற்றி, உடல் காப்புப் பெறுமா என ஆராய்ந்தனர். சில வாரங்கள் சென்று மறுபடியும் சிறிதே ஏற்ற, நாய்கள் மாண்டன. உடலின் காவலே உடல்மேற் பாய்ந்தது. காப்பின் மறுதலை என்று கருதி, 1902இல் அதற்கு 'அனாபிலாக்சிஸ்' எனப் பெயரிட்டனர். ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. வேர்க்கடலை தின்று மூச்சடைக்கும் குழந்தைக்கு இன்று மருத்துவர் எழுதும் நோய்ப்பெயரும் அதுவே.