லிட்டரைக் கேட்காதீங்க... சட்டத்தைக் கேளுங்க!

ட்ரெக்கிங் போக பேக் வாங்கணும்னு கடைக்குள்ளே நுழைஞ்சதும் நம்ம வாயிலிருந்து வர்ற முதல் கேள்வி என்ன? "அண்ணே, இது எத்தனை லிட்டர்?" அவரும் 40, 60, 80 என்று எடுத்து அடுக்குவார். பெருசா இருந்தா நல்லதுதானே என்று 80-ஐத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம். அப்புறம் அதை நிரப்புறதுக்காகவே ரெண்டு ஜீன்ஸ் கூடுதலா எடுத்து வைப்போம்!

பூமியின் வடகோடியில் ஒரு கூட்டம் இந்தக் கேள்வியை வேற மாதிரி கேட்குது. "திரும்பி வரும்போது இது எவ்வளவு தாங்கும்?" யார் இவங்க? அலாஸ்கா வேட்டைக்காரர்கள். ஒரு வாரம், பத்து நாள் என்று நடந்தே ஆளில்லாத வெளிக்குள் போய் வருகிறவர்கள். பேக் தப்பாகிப் போனா அவங்களுக்கு விஷயம் தோள் வலியோட முடியாது. கறி கெட்டுப்போகும், கரடி வரும், போலீஸ் கேஸ்கூட ஆகும்.

'வேட்டையா?' என்று முகம் சுளிக்க வேண்டாம். நம்ம நாட்டில் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அலாஸ்காவிலும் நம்மைப் போன்ற வெளிநாட்டுக்காரர்கள், உரிமம் பெற்ற வழிகாட்டி கூட இல்லாமல் பெரிய விலங்கு எதையும் வேட்டையாட முடியாது. ஆகவே, துப்பாக்கியை அவங்களே வெச்சுக்கட்டும். நாம பேக்கை மட்டும் கடன் வாங்குவோம். வாங்க, ஒரு ரவுண்டு போய் வரலாம்!

666 கிலோமீட்டர் ரோடு

ஃபேர்பேங்க்ஸ் நகரத்திலிருந்து வண்டியை வடக்கே விடுங்க. சுமார் 135 கிலோமீட்டரில் டால்டன் நெடுஞ்சாலை ஆரம்பிக்கும். 1974-ல் எண்ணெய்க் குழாய் பதிக்கிற வேலைக்காகப் போட்ட ரோடு இது. மொத்தம் 666 கி.மீ. பாதிக்கு மேல் ஜல்லி. யூகான் ஆற்றைத் தாண்டி, கோல்ட்ஃபுட் என்கிற இடத்தில் பெட்ரோலை நிரப்பிக்குங்க. விட்டால் அடுத்த பங்க் 385 கிலோமீட்டர் தள்ளி, டெட்ஹார்ஸில்தான்!

நடுவில் ப்ரூக்ஸ் மலைத்தொடர். அதிகன் கணவாயில், 1,444 மீட்டர் உயரத்தில் ரோடு மலையைத் தாண்டும். அந்தப் பக்கம் இறங்கினதும் ஏதோ ஒண்ணு குறையுதேன்னு தோணும். மரம்! கண்ணுக்கு எட்டின தூரம் வரை ஒரு மரம்கூட இருக்காது. புல், பாசி, இடுப்பளவுப் புதர், கூடவே ஓடி வரும் அந்த எண்ணெய்க் குழாய். அவ்வளவுதான். இதுதான் டன்ட்ரா. கேரிபூ என்கிற துருவ மான்கள் கூட்டங்கூட்டமாக அலையும் பூமி.

இங்கே ஒரு விதி. யூகான் ஆற்றுக்கு வடக்கே, ரோட்டின் இரண்டு பக்கமும் 5 மைல், அதாவது 8 கிலோமீட்டருக்குள் துப்பாக்கியால் வேட்டையாடக் கூடாது. வில் அம்பு மட்டும்தான். துப்பாக்கிதான் வேணும்னா வண்டியை நிறுத்திவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு 8 கிலோமீட்டர் நடக்கணும்.

'8 கிலோமீட்டரா? காலேஜ் கட் அடிச்சிட்டு அதைவிட அதிகமா நடந்திருக்கோமே!' இருங்க, அவசரப்படாதீங்க. டன்ட்ரா தரை என்பது குடங்களைக் கவிழ்த்து அடுக்கின மாதிரி புல் மேடுகள். மேலே கால் வைத்தால் ஆடும், சாயும். இடையில் கால் விட்டால் கணுக்கால் வரை தண்ணீர். அடியில் மண் வருஷம் பூரா உறைந்தே கிடப்பதால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. பாரத்தோடு மணிக்கு ரெண்டு கிலோமீட்டர் போனாலே சபாஷ். 8 கிலோமீட்டர் என்றால் அது ஒரு நாள் வேலை.

போகும்போது 28 கிலோ

எட்டு நாள் பயணத்துக்கு மூட்டை கட்டுவோமா? சாப்பாடு நாளுக்கு 800 கிராம் வீதம் 6.4 கிலோ. டென்ட் 2. ஸ்லீப்பிங் பேக், கீழே விரிக்கும் பாய் 2. மழைச்சட்டையோடு சேர்த்துத் துணிமணி 3. அடுப்பு, எரிபொருள், பாத்திரம் 1.5. கரடி திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா 1. துப்பாக்கி 3.5. பைனாகுலர், தொலைநோக்கி, ஸ்டாண்டு 3. கத்தி, கறி கட்டும் துணிப்பைகள், முதலுதவி 1.5. தண்ணீர் 1. பேக்கின் எடை 3. கூட்டிப் பாருங்க, கிட்டத்தட்ட 28 கிலோ.

இதெல்லாம் உள்ளே அடங்க 80-லிருந்து 100 லிட்டர் தேவை. ரெண்டு மூணு நாள் பயணம்னா 50-65 போதும். அஞ்சாறு நாளுக்கு 65-80. இந்தக் கணக்கு எந்தக் கடையிலும் சொல்வாங்க. சொல்லாமல் விடுவது அடுத்த கணக்கைத்தான்.

வரும்போது?

ஒரு பெரிய ஆண் கேரிபூவில் எலும்பு நீக்கின கறி சுமார் 50 கிலோ தேறும். மூஸ் என்கிற பெரிய மானாக இருந்தால் 225 கிலோவரை! 'வேணும்கிறதை வெட்டி எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுட்டு வந்துடலாமே?' ஊஹூம். கழுத்து, நெஞ்சு, விலா, நாலு கால் சப்பை, முதுகுச் சதை என்று சாப்பிடத் தகுந்த எல்லாக் கறியையும் வெளியே கொண்டுவந்தே ஆகணும். வீணாக விட்டால் அபராதம், ஜெயில் இரண்டும் உண்டு. இன்னொரு அழகான விதி, சுவரில் மாட்டும் கொம்பை முதலில் தூக்கிக்கொண்டு ஓடி வரக் கூடாது. கறி எல்லாம் வந்த பிறகு, இல்லாவிட்டால் கடைசி நடைக் கறியோடுதான் கொம்பு வரலாம். முதல்ல சோறு, அப்புறம்தான் பந்தா!

இப்போ கணக்கைப் போடுங்க. 50 கிலோ கறி, 25 கிலோ வீதம் ரெண்டு நடை. டென்ட், மற்ற சாமானுக்கு ஒரு நடை. மூணு தடவை வெளியே, நடுவில் ரெண்டு தடவை உள்ளே. அஞ்சு எட்டு நாற்பது. 40 கிலோமீட்டர்!

உங்க பேக் 17 கிலோவுக்கு மேல் தாங்காமல் தோளை அறுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. கறிக்கே மூணு நடை ஆகும். மொத்தம் 56 கிலோமீட்டர். கூடுதலாக ரெண்டு நாள். அதற்குள் ஒரு மழை பெய்து ஆற்றில் தண்ணீர் ஏறலாம். விட்டுவிட்டு வந்த கறியை ஒரு கரடி கண்டுபிடித்திருக்கலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கறிப்பைகளைக் குடல் கிடக்கும் இடத்திலிருந்து தள்ளி, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி வைக்கிறார்கள். திரும்பப் போகும்போது முதலில் பைனாகுலரில் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறார்கள்.

இங்கேதான் சூட்சுமம். 25 கிலோ கறி எவ்வளவு இடம் பிடிக்கும் தெரியுமா? வெறும் 24 லிட்டர் சொச்சம்! நீங்க தினமும் காலேஜுக்கு மாட்டிக்கொண்டு போகிற பை அளவு. ஆக, வரும்போது இடம் பிரச்னையே இல்லை. எடைதான் பிரச்னை. எடையைத் தாங்குவது துணி இல்லை, பேக்குக்குள் இருக்கும் ஃப்ரேம். நம்ம தமிழில் சொன்னால், சட்டம். லிட்டர் போகிற வழிக்கு, சட்டம் திரும்புகிற வழிக்கு!

சீல் தோலும் வில்லோ குச்சியும்

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த லாயிட் நெல்சன் 1920-ல் அலாஸ்காவுக்குப் போனார். அங்கே பூர்வகுடி ஒருவரிடம் இரவல் வாங்கின சுமைப் பலகையை முதுகில் மாட்டினார். வில்லோ குச்சிகள் மேல் சீல் தோலை இழுத்துக் கட்டியது. ஊர் திரும்பி அதையே மரச்சட்டம், கேன்வாஸ் என்று மாற்றிச் செய்து 1924-ல் காப்புரிமை வாங்கினார். 'ட்ராப்பர் நெல்சன்' என்கிற அந்தப் பேக் அமெரிக்காவில் பல வருஷம் சக்கைப்போடு போட்டது. 1950-களில் டிக் கெல்டி மரத்துக்குப் பதில் அலுமினியத்தைக் கொண்டுவந்து, இடுப்புப் பட்டையையும் சேர்த்தார். இன்றைய வேட்டை பேக்குகளில் சட்டத்துக்கும் பைக்கும் நடுவில் கறிக்கென்றே ஒரு இடைவெளி விடுகிறார்கள். பாரம் முதுகோடு ஒட்டி நின்றால் பின்னால் இழுக்காது.

கடையில் என்ன செய்யணும்?

முதலில் உங்க முதுகை அளங்க. குனியும்போது கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு உயரம்வரை. நண்பனைவிட்டு டேப் பிடிக்கச் சொல்லுங்க. உங்க உயரம் எதுவானாலும் சரி, பேக் இந்த அளவுக்குப் பொருந்தணும்.

அடுத்து, காலி பேக்கை மாட்டிக் கண்ணாடி பார்க்காதீங்க. உள்ளே எடை போடச் சொல்லுங்க. இடுப்புப் பட்டையை இறுக்கினதும் பாரம் தோளை விட்டு இடுப்பில் உட்காரணும். தோள் பட்டைக்கு அடியில் ஒரு விரல் சுலபமாகப் போகணும்.

மூணாவது, பக்கவாட்டில் இறுக்கும் பட்டைகள் இருக்கா? பெரிய பையைச் சின்னதாகச் சுருக்கத் தெரியணும். இல்லாவிட்டால் பாதி காலியான பைக்குள் சாமான் உருண்டு, உங்களையும் சேர்த்து உருட்டும்.

கடைசியா, வீட்டில் ஒத்திகை. பத்துக் கிலோ அரிசியைப் போட்டு மொட்டை மாடிக்கு நாலு தடவை ஏறி இறங்குங்க. ஒரு வாரம் கழித்து பதினஞ்சு. 'அரிசியை எடுத்துட்டு எங்கடா போறே?' என்று அம்மா கேட்டால், அலாஸ்கா என்று சொல்லிப் பாருங்க!

நமக்கும் ஒரு திரும்பும் வழி

நீங்க கேரிபூ சுமக்கப் போறதில்லை. இமயமலையில் அஞ்சாறு நாள் ட்ரெக் போவீங்க. அதுக்கு 50-60 லிட்டர் தாராளம். ஆனால், அந்த விதி உங்களுக்கும் பொருந்தும். பிஸ்கட் கவர், நூடுல்ஸ் பாக்கெட், காலி பாட்டில், ஈர சாக்ஸ் எல்லாம் திரும்பி வரணும். போகும்போதே வாய்வரை திணித்த பையில் குப்பைக்கு ஏது இடம்? அது மலையிலேயே கிடக்கும். நீங்க வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் கிடக்கும்.

அங்கே கறியை விட்டுவிட்டு வந்தால் கேட்க அரசாங்கம் இருக்கு. மலையில் நீங்க போட்ட கவரைக் கேட்கப் பெரும்பாலும் யாரும் வரமாட்டாங்க. அதனால, கிளம்பும் முந்தின ராத்திரி பேக்கை மூடுறதுக்கு முன்னால ஒரு சாமானை வெளியே எடுத்து வெச்சிடுங்க. அந்தக் காலி இடம் திரும்பி வரும் வழிக்கு.

அது அநேகமா அந்த ரெண்டாவது ஜீன்ஸாத்தான் இருக்கும்!