கல்லின் முன் அரைமணி நேரம்

வெள்ளவத்தையிலிருந்து மாணாக்கர் பன்னிருவருடன் கொழும்பு நூதனசாலைக்குச் சென்றிருந்தோம். 1877 இல் திறக்கப்பெற்ற அவ்வெண்மாளிகையில் நம்மவர் வழக்கம் யாது? விளக்க அட்டையை வாசிப்பது. பொருளை நோக்காது அப்பால் நடப்பது. நாமும் பல்லாண்டு அவ்வாறே நடந்தவர்தாம்.

அன்று அட்டையைப் பார்க்கலாகாது என விதித்து, காலி மும்மொழிக் கல்வெட்டின் முன் அனைவரையும் நிறுத்தினோம். "ஐயா, உச்சியில் இரு பாம்புகள்!" என்றான் ஒருவன். "பாம்பன்று, யாளி" என மறுத்தாள் ஒருத்தி. சீனத்து டிராகன்கள் அவை. வலப்புறம் சீன எழுத்து. இடப்புறம் மேலே தமிழ், கீழே பாரசீகம். எழுத்துகள் தேய்ந்திருப்பதையும் கண்டனர். 1911 இல் காலி நகரில் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்தபோதன்றோ இது கண்டெடுக்கப்பட்டது!

"மூன்றும் ஒரே செய்திதானே, ஐயா?" என வினவினாள் அப்பெண். ஆம் என்றே வகுப்பில் பன்முறை கூறியிருந்தோம். அது எமது பிழை. 1409 ஆம் ஆண்டைக் குறிக்கும் இக்கல்லைச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொணர்ந்தார். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது; தமிழ், தேவேந்திரமுனையில் கோயில் கொண்ட தென்னாவர நாயனாரை; பாரசீகம், இஸ்லாத்தை. காணிக்கையோ பொன் 1000, வெள்ளி 5000 என ஒத்தே நிற்கிறது. சீனத்திலேயே பொறிக்கப்பெற்றது என்பர் அறிஞர். அங்கே தமிழெழுதிய கை எவருடையதோ!

பொலனறுவைச் செப்புத் திருமேனிகளைக் காண நேரமில்லை. "நடராசரைப் பாராமலா போவது?" எனக் குறைப்பட்டனர் மாணாக்கர். அடுத்த ஞாயிறும் வருவதாக ஒப்புக்கொண்டோம்.